தென்னையில் தேள் கொட்டினால்...

தென்னை மரத்தில் தேள் கொட்ட, பனை மரத்தில் நெறி கட்டியதாம். சம்பந்தமில்லாமல் முடிச்சுப் போடுபவர்களைக் கிண்டல் செய்யச் சொல்வது. ஆனால் உடம்புக்குள் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது! காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் நெறி கட்டுவது தொடையிடுக்கில். கையில் என்றால் அக்குளில். நடுவே ஒரு பாதை இருக்கிறது, அதுதான் நிணநீர் மண்டலம்.

ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரும் புரதமும் முழுசாகத் திரும்புவதில்லை. தினமும் லிட்டர் கணக்கில் மிஞ்சும். அதைச் சேகரித்துக் கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. (பேரேட்டில் விட்டுப்போன தொகையைத் தேடிப்பிடித்து வரவு வைக்கிற மாதிரி.) இதற்கு இதயம் போலத் தனி பம்ப் கிடையாது. குழாய்களே சுருங்கித் தள்ள வேண்டும், நடக்கும்போது தசைகளும் அழுத்தித் தரும். பின்னால் வழியாமல் வால்வுகள் பார்த்துக்கொள்ளும். வழியெங்கும் நூற்றுக்கணக்கான முடிச்சுகள், செக்போஸ்ட் மாதிரி. கிருமி வந்தால் அங்கே வெள்ளையணுக்கள் பெருகி முடிச்சு வீங்கும். அதுதான் நெறி. மண்ணீரல், தைமஸ், டான்சில் எல்லாம் இதே குடும்பம்தான்.

பள்ளியில் இதயத்துக்குப் படம் போட்டுப் பாகம் குறிக்கச் சொல்வார்கள். நிணநீர் இரண்டு மார்க் கேள்வியோடு சரி. இதில் என்ன நஷ்டம் என்றால், யானைக்கால்.

சாக்கடைக் கொசு கொண்டுவரும் ஃபைலேரியா புழு குடியேறுவது இந்தக் குழாய்களுக்குள்தான். ஆறேழு வருடம் உயிரோடு இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வீக்கம் வரப் பல வருடம் ஆகும், அதற்குள் குழாய் கெட்டுப்போயிருக்கும். அதனால்தான் நோய் பரவும் மாவட்டங்களில் நன்றாக இருப்பவர்களுக்கும் சேர்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்பவர்கள் ஏராளம். "நமக்குத்தான் ஒண்ணுமில்லையே!" இதை வெறும் அலட்சியம் என்று திட்டுவது பாதி நியாயம்தான். கால் நன்றாக இருக்கும்போதே உள்ளே குழாய் அடைபடலாம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

2002 தேசிய சுகாதாரக் கொள்கை இந்தியாவில் இதை ஒழிக்க வைத்த கெடு 2015. இப்போதைய கெடு 2027. பக்கத்திலிருக்கும் இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சான்று கொடுத்துவிட்டது.

முற்றிய வீக்கத்தை மாத்திரை கரைக்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி, காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்துக்கொண்டிருந்தால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும். இதைக்கூடப் பலருக்கு யாரும் சொல்வதில்லை... சாபம் என்று சொல்ல மட்டும் ஆள் இருக்கிறது.