பிரான்ஸ் வரைக்கும் போயும் சைக்கிள்தானா?



போன வாரம் நான் போட்ட படத்துக்கு வந்த பின்னூட்டங்களை எல்லாம் படித்தேன். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே, தலையில் ஹெல்மெட்டோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிற படம். "டீச்சர், பிரான்ஸ் வரைக்கும் போயும் சைக்கிள்தானா?" என்று ஒருவன். "சித்தி, மாப்பிள்ளை காரில் கூட்டிப்போகலையா?" என்று என் அக்கா மகன். "64 வயதில் இது தேவையா?" என்று மூன்று பேர். எல்லாம் அன்பில் கேட்டதுதான், கோபமில்லை. ஆனால் தப்பான விடையைத் திருத்தாமல் நோட்டைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை. பதிவு நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எங்கே போனோம் என்று சொல்கிறேன். மகளும் மாப்பிள்ளையும் லியோன் நகரத்தில் இருக்கிறார்கள். அங்கிருந்து வட்டார ரயிலில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, முக்கால் மணி நேரம்போல வடக்கே போனால் மாக்கோன் என்கிற ஊர். பர்கண்டி பகுதியின் தெற்கு ஓரம் அது. அங்கே இறங்கி க்ளுனி, கொர்மாத்தன், ஜிவ்ரி என்று மூன்று நாளில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓட்டினோம். நான் சாதாரண சைக்கிளில். முழங்கால் வலிக்காரரான உங்கள் சார் பேட்டரி சைக்கிளில்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

சைக்கிள் என்றால் வசதி இல்லாதவனின் வண்டி என்பது உங்கள் முதல் எண்ணம். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் "சைக்கிள்தானா" என்பதில் இருக்கிற "தானா"வுக்கு அதுதான் பொருள். அந்த நாட்டின் சரித்திரம் கொஞ்சம் சொல்கிறேன். 1936-ஆம் வருடம் ஜூன் மாதம், லியோன் ப்ளூம் அரசு இருந்தபோது, பிரெஞ்சுத் தொழிலாளிகளுக்கு முதல் முறையாக இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தது. பெரிய வேலைநிறுத்தம் செய்து வாங்கிய உரிமை அது. காருக்கு அவர்களிடம் ஏது காசு? புருஷனும் மனைவியும் இரட்டை சைக்கிளில் ஏறி, மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கிராமப்புறத்தையும் கடலையும் பார்க்கக் கிளம்பினார்கள். அதுவரை பணக்காரர்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்த தேசத்தைத் தொழிலாளி தன் கண்ணால் பார்த்தது சைக்கிள் மேல் உட்கார்ந்துதான். வசதி இல்லாதவனின் வண்டி என்பது சரி. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பெருமைப்பட வேண்டிய விஷயம் அல்லவா!

இரண்டாவது, மேடும் பள்ளமுமான ஊரில் வயதானவர்களால் முடியாது என்கிறீர்கள். இங்கேதான் கொஞ்சம் அறிவியல் வேண்டும். க்ளுனிக்கும் ஜிவ்ரிக்கும் நடுவே இருக்கிற 44 கிலோமீட்டர் பாதை ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். ரயில் நின்றுபோனபின் தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, 1997-இல் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிட்டார்கள். "வுவா வெர்த்", அதாவது பச்சைப் பாதை என்று பெயர். நாட்டிலேயே இந்த வகையில் முதல் பாதை இதுதான். மோட்டார் வண்டி எதுவும் உள்ளே வரக்கூடாது. ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் மேட்டைச் சுற்றியோ குடைந்தோதான் தடம் போடுவார்கள். அதனால் கண்ணுக்கு எதிரே குன்று குன்றாகத் தெரிந்தாலும் காலுக்கு ஏற்றமே தெரிவதில்லை. மாக்கோனிலிருந்து க்ளுனி போகும் வழியில் ஒரு குன்றைக் குடைந்து 1600 மீட்டர் சுரங்கம் இருக்கிறது. வெளியே வெயில், உள்ளே பனிக்காலம்போலக் குளிர். வௌவால்கள் தூங்குவதற்காகக் குளிர்காலத்தில் அந்தச் சுரங்கத்தையே மூடிவிடுகிறார்கள்!

பச்சைப் பாதையை விட்டு விலகிச் சின்னச் சாலைகளில் போனால் ஏற்றம் உண்டு, மறைக்கவில்லை. அதற்குத்தான் கியர். நம்மூர் சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றும். மேட்டில் மூச்சு வாங்குவது அதனால்தான். நான் ஓட்டிய சைக்கிளில் மிகச் சின்ன கியர் போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஏறக்குறைய ஒரு சுற்றுதான். நடக்கிற வேகத்தில் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். நூறு வருடத்துக்கு முன்பே போல் த விவி என்ற பிரெஞ்சுக்காரர், "வெலோசியோ" என்ற புனைபெயரில், இந்தக் கியரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதி எழுதி வாதாடினார். பந்தயக்காரர்கள் கேட்கவில்லை. டூர் த பிரான்ஸ் போட்டியில் 1937 வரை அந்தக் கியருக்கு அனுமதியே இல்லை. கஷ்டப்பட்டு மிதிப்பதுதான் வீரம் என்ற வீம்பு! பேட்டரி சைக்கிளைப் பார்த்து "அது ஏமாற்று" என்று சிரித்த தம்பிக்கும் இதே பதில்தான். மிதித்தால்தான் அந்த மோட்டார் உதவும். 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் உதவி நின்றுவிடும், சட்டம் அப்படி.

மூன்றாவது, பஸ்ஸில் போனால் பத்து நாளில் ஏழு நாடு பார்க்கலாமே என்கிறீர்கள். பார்க்கலாம். என் சொந்தத்தில் ஒருவர் அப்படிப் பார்த்துவிட்டு வந்தார். எந்தப் படம் எந்த நாடு என்று இன்னும் அவருக்குக் குழப்பம். நாங்கள் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போனோம். வெள்ளை வெள்ளையாக ஷரோலே மாடுகள் வேலி ஓரம் வந்து எங்களைப் பார்த்தன. க்ளுனியின் எண்கோணக் கோபுரம் தூரத்தில் தெரிந்து, மறைந்து, மறுபடி தெரிந்தது. ஒரு காலத்தில் கிறிஸ்தவ உலகத்திலேயே பெரிய தேவாலயம் அது. ரோமில் புதிய புனித பேதுரு தேவாலயம் எழும்பும் வரை அதுதான் பெரிது. புரட்சிக்குப் பிறகு விலைக்கு வாங்கியவர்கள் இடித்துக் கல்லாக விற்றார்கள். மிஞ்சியது பத்தில் ஒரு பங்கு தேறாது. அந்தக் காலி இடத்தில் நின்றபோது எனக்கு வந்த மௌனம் பஸ் ஜன்னலில் வராது.

கஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை கிராமத்தில் கடை திறக்காது. மற்ற நாளிலும் 12 மணிக்கு அடைத்தால் 2 மணிக்குத்தான் திறப்பார்கள். மகள் கட்டிக் கொடுத்த புளிசாதம் காப்பாற்றியது. தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே குழாய் இருக்கும். குடிக்கக்கூடாது என்று பலகை இல்லையா என்று பார்த்துவிட்டுப் பிடிக்க வேண்டும். எல்லாச் சாலையும் பாதுகாப்பு என்றும் சொல்ல மாட்டேன். சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், பெரிய சாலையில் லாரி போனால் கை நடுங்கத்தான் செய்கிறது. அதனால்தான் பச்சைப் பாதை, சின்னச் சாலை என்று தேடிப் போகச் சொல்கிறேன்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பாரிஸிலும் லியோனிலும் இருக்கிற என் பிள்ளைகளே, இது உங்களுக்கு. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள 90 நாள் விசாவில் உங்கள் அம்மாவை வரவழைக்கிறீர்கள். ஒரு நாள் ஈஃபில் டவர், ஒரு நாள் லா ஷப்பெல் கடைத்தெரு. மிச்ச நாள் முழுக்க நாலு சுவருக்குள் சமையலும் டி.வி.யும். கேட்டால் "அம்மாவுக்கு வெளியே போக பயம்" என்கிறீர்கள்.

யாருக்கு பயம்? 1992-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பள்ளிக்கூட மைதானத்தில் வாடகை சைக்கிளில் உங்கள் அம்மாவை ஏற்றிவிட்டு, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவள் நான். ஆம்பளை சைக்கிள், குறுக்குக் கம்பி வேறு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்டி சிராய்த்துக்கொண்டு கற்றார்கள். ஊரே சிரித்தது. "டீச்சரம்மாவுக்கு வேற வேலை இல்லை" என்றார்கள். போன வாரப் பின்னூட்டங்களில் நான் கேட்டது அதே சிரிப்பைத்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு, "உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமாம்மா?" என்று கேளுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். மாக்கோனில் இறங்கி, அவரை முன்னால் விட்டு, நீங்கள் பின்னால் போங்கள். கேரியரைப் பிடிக்க வேண்டிய அவசியம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்