ஃபைபர்னு சொல்றாங்க... வீட்டுக்குள்ள வர்றது ஃபைபர்தானா?

காலை 10 மணி. ஆபீஸ் மீட்டிங். உங்கள் முறை வருகிறது, பேச ஆரம்பிக்கிறீர்கள். மற்றவர்களின் முகம் பளிச்சென்று தெரிகிறது, குரலும் சரியாகக் கேட்கிறது. ஆனால் இரண்டு நிமிடத்தில் யாரோ ஒருவர் குறுக்கிடுகிறார்: "நீங்க பேசுறது விட்டு விட்டு கேக்குது... வீடியோவை ஆஃப் பண்ணிட்டுப் பேசுங்களேன்."

ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 80 எம்பிபிஎஸ் காட்டுகிறது. பில்லில் 'ஃபைபர் பிளான்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

பலரும் இந்த இடத்தில் 100 எம்பிபிஎஸ் பிளானை விட்டு 200-க்கு மாறுவார்கள். மாதாமாதம் கூடுதல் பணம் போகும். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஏறும். மீட்டிங்கில் குரல் மட்டும் அதே மாதிரி விட்டு விட்டுத்தான் கேட்கும். ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு வேகம்?' என்பது இல்லை. 'ஃபைபர் எதுவரைக்கும் வருது?' என்பதுதான்.

எல்லாரும் ஃபைபர்தான், ஆனால்...

இன்றைக்கு வீட்டு இன்டர்நெட் விற்கும் யாரும் 'எங்களிடம் ஃபைபர் இல்லை' என்று சொல்வதில்லை. அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. சென்னைக் கடற்கரையில் கரையேறும் கடலடி கேபிள்கள் ஃபைபர்தான். ஊருக்கு ஊர் போகும் லைனும் ஃபைபர்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் எல்லார் வீட்டு நெட்டும் ஃபைபர் நெட்தான். சிக்கல் இருப்பது கடைசி 50, 100 மீட்டரில்.

அந்தக் கடைசித் தூரத்தை வீட்டுக்குக் கொண்டு வருவதில் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. உங்கள் வீட்டு மோடத்துக்குப் பின்னால் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

முதலாவது, டிவி கேபிள். தடிமனான கறுப்பு வயர், திருகி மாட்டும் முனை, நடுவில் ஒரே ஒரு செம்புக் கம்பி. தெருமுனை வரை ஃபைபரில் வந்து, அங்கிருந்து பழைய டிவி கேபிளில் ஏறி வீட்டுக்கு வரும் நெட் இது.

இரண்டாவது, லேன் வயர். 'டக்' என்று மாட்டும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் முனை, உள்ளே கலர் கலராக மெல்லிய கம்பிகள். மொட்டை மாடியிலோ மாடிப்படிக்குக் கீழேயோ ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கும். ஃபைபர் அதுவரை வரும். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வருவது செம்பு.

மூன்றாவதுதான் முழு ஃபைபர். நூல் மாதிரி மெல்லிசான வயர், முனையில் பச்சை அல்லது நீல நிறத்தில் சதுரமான சின்ன பிளக். அது போய்ச் சேரும் பாக்ஸில் 'பான்' என்று ஒரு லைட்டும், லைன் அறுந்தால் சிவப்பாக எரியும் இன்னொரு லைட்டும் இருக்கும். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. ஒளியைச் சுமக்கும் அதன் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒரு எச்சரிக்கை: அந்த பிளக்கைக் கழற்றி முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

குரல் ஏன் விட்டுப் போகிறது?

டிவி கேபிள் போடப்பட்டது ஒரே வேலைக்காகத்தான்: படத்தை வீட்டுக்குக் கொண்டு வர. வீட்டிலிருந்து திரும்பி எதையும் அனுப்பும் தேவை அன்றைக்கு இல்லை. பின்னாளில் அதிலேயே இன்டர்நெட்டை ஏற்றியபோது, மேலே அனுப்புவதற்கு அலைவரிசையின் அடிப்பகுதியில் ஒரு சின்ன இடத்தை ஒதுக்கினார்கள். பல நெட்வொர்க்குகளில் அது 5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 42 அல்லது 65-உடன் முடிந்துவிடும். அதற்கு மேலே நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் முழுவதும் கீழே வரும் டேட்டாவுக்குத்தான். அந்தச் சின்ன இடத்தையும் உங்கள் தெருவே பங்கு போட்டுக்கொள்கிறது.

அதனால்தான் ஓடிடியில் படம் தடையில்லாமல் ஓடுகிறது, உங்கள் குரல் மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேர மாட்டேன் என்கிறது. படம் பார்ப்பது டவுன்லோடு. மீட்டிங்கில் பேசுவது, டிரைவில் ஃபைல் ஏற்றுவது, ரீல்ஸ் போடுவது, வீட்டு சிசிடிவியை ஆபீஸிலிருந்து பார்ப்பது எல்லாம் அப்லோடு.

ஒரு சின்னக் கணக்கு. 1 ஜிபி வீடியோ ஒன்றை கிளையன்ட்டுக்கு அனுப்ப வேண்டும். அப்லோடு 5 எம்பிபிஎஸ் என்றால் ஏறத்தாழ 27 நிமிடம். 100 எம்பிபிஎஸ் என்றால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஃப்ரீலான்ஸ் எடிட்டருக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஃபைபரில் பங்கு போடுவது இல்லையா? உண்டு. இங்கே பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரு இழையை 32 அல்லது 64 வீடுகள் வரை பிரித்துக் கொடுப்பார்கள். ஆனால் பங்கு போடும் பானை பெரிசு: கீழே வர சுமார் 2.5 ஜிபிபிஎஸ், மேலே போக சுமார் 1.25 ஜிபிபிஎஸ்.

லேன் வயர் விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். வேகத்தில் அது மோசமில்லை. 100 எம்பிபிஎஸ் வரை மேலும் கீழும் ஒரே மாதிரி தாராளமாகத் தரும். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது.

கரன்ட் போனா நெட் போகுமா?

நம் ஊரில் முழு ஃபைபருக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டிய பெரிய காரணம் இதுதான். விளம்பரங்களில் இது பெரும்பாலும் வருவதில்லை.

உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரன்ட் போனதும் ஃபேன் ஓடுகிறது, ரூட்டர் லைட்டும் எரிகிறது, ஆனால் நெட் இல்லை. ஏன்? கேபிள் நெட்டில் தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்குக் கரன்ட் வேண்டும். லேன் வயர் நெட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்விட்சுக்குக் கரன்ட் வேண்டும். அவற்றுக்கு பேட்டரி இல்லையென்றால், அல்லது இருக்கும் பேட்டரி செத்திருந்தால், உங்கள் இன்வெர்ட்டரால் ஒரு பயனும் இல்லை.

ஜிபான் ஃபைபரில் வழியில் இருப்பது ஸ்ப்ளிட்டர் மட்டும்தான். அது ஒளியைப் பிரித்துவிடும் கண்ணாடிச் சாதனம், அதற்கு மின்சாரமே தேவையில்லை. கம்பெனியின் எக்ஸ்சேஞ்சில் பேக்கப் இருந்து, உங்கள் பாக்ஸுக்கும் ரூட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தால் போதும். தெருவே இருட்டில் இருந்தாலும் மீட்டிங் ஓடும்.

இன்னொன்று இடி. ஐப்பசி மழையில் லேன் போர்ட் கருகிப் போய் ரூட்டரைத் தூக்கிப் போட்ட வீடுகள் நிறைய. செம்பு வயர் மின்னலின் பாய்ச்சலை வீட்டுக்குள் இழுத்து வரும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. பிளக் பாயின்ட் வழியாக வரும் ஆபத்து மட்டும்தான் மிச்சம்.

அதற்காக ஃபைபர் அசைக்க முடியாதது என்று நினைக்க வேண்டாம். இங்கே பெரும்பாலான ஃபைபர் லைன்கள் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியபோது பல பகுதிகள் நாள் கணக்கில் மின்சாரமும் நெட்வொர்க்கும் இல்லாமல் தவித்தன. மரம் விழுந்தால் கண்ணாடியும் அறும். கூடவே, செம்பு வயரை முறுக்கி ஒட்டிவிடலாம். ஃபைபரை ஒட்ட மெஷினும் அதைத் தெரிந்த ஆளும் வர வேண்டும்.

கேபிள்காரரைக் கைவிடுவதா?

இங்கேதான் பலருக்கும் தயக்கம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்கு "அண்ணே, நெட் வரல" என்று போன் போட்டால் பைக்கில் வந்து நிற்பவர் ஏரியா கேபிள்காரர். பெரிய கம்பெனிக்குப் போன் போட்டால் முதலில் எண் 1-ஐ அழுத்த வேண்டும், அப்புறம் 3-ஐ அழுத்த வேண்டும், கடைசியில் 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வரும்.

இந்தத் தயக்கம் சரியானது. வேகத்தைவிட ரிப்பேருக்கு வரும் ஆள் முக்கியம். ஆனால் ஃபைபருக்கு மாறினால் கேபிள்காரரை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. பிஎஸ்என்எல் உட்படப் பல நிறுவனங்களின் ஃபைபர் இணைப்பை ஊருக்குள் கொண்டு சேர்ப்பவர்களே உள்ளூர் ஆபரேட்டர்கள்தான். எனவே முதல் போனை அவருக்கே போடுங்கள்: "அண்ணே, வீட்டுக்குள்ள வரைக்கும் ஃபைபர் இழுத்துக் கொடுப்பீங்களா? அறுந்தா ஒட்டுற மெஷின் உங்ககிட்டயே இருக்கா?" இரண்டுக்கும் 'ஆமா' என்று பதில் வந்தால் அதைவிட நல்ல டீல் கிடைப்பது கஷ்டம்.

மாறுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் குற்றவாளி யார் என்று பாருங்கள். லேப்டாப்பை லேன் வயரில் நேரடியாக மோடத்தோடு இணைத்து டெஸ்ட் போடுங்கள். அதில் அப்லோடு நன்றாக வந்தால் பிரச்சினை லைனில் இல்லை, வைஃபையில். ரூட்டரை ஷோகேஸுக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

பழைய ரூட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வரைதான் தாங்கும் என்றால், 300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தும் வயரில் கிடைப்பது 100-க்குள்தான். பிளானை ஏற்றுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய இணைப்பை ஒரு மாத பிளானில் ஆரம்பியுங்கள். 'ஆறு மாசம் கட்டினா இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ' என்ற ஆஃபர் இனிக்கும். லைன் சரியில்லை என்றால் ஆறு மாதமும் கசக்கும். புதியது வந்த அன்றே பழையதைத் துண்டிக்க வேண்டாம். 10, 15 நாள் இரண்டும் இருக்கட்டும். ஒரு மழை, ஒரு கரன்ட் கட், ஒரு திங்கட்கிழமை காலை மீட்டிங் மூன்றையும் புதிய லைன் தாண்டட்டும். பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள், டெபாசிட் கேட்க அதுதான் ஆதாரம்.

வீட்டில் ஒரே ஒரு டிவி, ராத்திரி படம் பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் அவசரப்பட்டு மாற வேண்டியதே இல்லை. நன்றாக ஓடும் கேபிள் நெட் அதற்குப் போதும்.

வார்த்தைக்கு ஒரு வரையறை வேண்டும்

இவ்வளவு துப்பறியும் வேலையை வாடிக்கையாளர் ஏன் செய்ய வேண்டும்? மோடத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துத்தான் தான் வாங்கிய பொருள் என்னவென்று ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வேறு நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. வீட்டுக்கு வரும் கடைசிப் பகுதி ஃபைபர் இல்லையென்றால், அது என்ன வயர் என்பதையும் விளம்பரத்தில் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று பிரான்ஸ் 2016-இல் உத்தரவு போட்டது. இத்தாலியில் 2018-இலிருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் முத்திரையே வந்துவிட்டது. பிரிட்டனில் பாதி ஃபைபரையும் ஃபைபர் என்றே விற்கலாமா என்ற சண்டை நீதிமன்றம் வரை போய், 2019-இல் நிறுவனங்களுக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் 2024 செப்டம்பரிலிருந்து நிலைமை வேறு. முழுக்க ஃபைபராக இருந்தால் மட்டுமே ஒப்பந்தத் தகவலில் அந்த வார்த்தையைப் போட முடியும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காமின் விதி.

இந்தியாவில் 2023-இல் பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகம் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்ந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வரையறை பேசுவதும் டவுன்லோடைப் பற்றித்தான். பாதி ஊர் வீட்டிலிருந்தே வேலை பார்த்த கொரோனா காலத்துக்குப் பிறகும் அப்லோடு அதில் இடம்பெறவில்லை.

டிராய் செய்ய வேண்டியது பெரிய புரட்சி எதுவும் இல்லை. பில்லிலும் விளம்பரத்திலும் மூன்று வரி கட்டாயம் என்று சொன்னால் போதும்: ஃபைபர் எதுவரை வருகிறது, அப்லோடு எவ்வளவு, வழியில் கரன்ட் தேவைப்படும் பெட்டி உண்டா. பிஸ்கட் பாக்கெட்டில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடுகிறார்கள். மாதாமாதம் பணம் கட்டும் இணைப்புக்கு அது கூடாதா?

அந்த விதி வரும்வரை கேட்பது நம் வேலை. அடுத்த முறை "சார், நம்மகிட்ட ஃபைபர்தான் சார்" என்று போன் வந்தால் விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "என் வீட்டு பாக்ஸ் வரைக்கும் ஃபைபரா, இல்ல மாடிப்படி வரைக்குமா?" எதிர்முனை யோசிக்க ஆரம்பித்தால், பதில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.