கார் கை மாறியது... கம்பெனி கடிதம் வரவில்லை!
ஓசூர் எல்லையில் ஓடும் அபாயம்

ஓசூர்:

"அண்ணே, வாய் வரைக்கும் அடிங்க!"

ஜூஜூவாடியில் இருந்து அத்திப்பள்ளி வரை எந்த பெட்ரோல் பங்கில் நின்றாலும் காதில் விழும் குரல் இது. தமிழ்நாட்டில் ஒரு விலை, நாலு கிலோமீட்டர் தாண்டினால் கர்நாடகத்தில் வேறு விலை. லிட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் மிச்சம் என்றால் யார் விடுவார்கள்? எந்தப் பக்கம் மலிவோ அந்தப் பக்கம் டேங்கை நிரப்புவது எல்லைக்காரர்களின் பழக்கம்.

குழாய் "டக்" என்று தானாக நின்ற பிறகும், காரை ஆட்டி ஆட்டி இன்னும் அரை லிட்டர் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு.

இந்தப் பழக்கமும், தொழிற்சாலையில் நேர்ந்த ஒரு சின்னத் தவறும் ஒரே காரில் சேர்ந்தால் என்ன ஆகும்?

இது வெறும் கற்பனை அல்ல. 2014 ஏப்ரலில் மாருதி கம்பெனி 1,03,311 கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்விப்ட் 47,237, டிசையர் 42,481, எர்டிகா 13,593. டேங்குக்குப் போகும் வாய்க் குழாயில் கோளாறு. குழாய் தானாக நிற்கும் அளவையும் தாண்டி நிரப்பினால் எரிபொருள் வாடை வரலாம், கசியலாம் என்று கம்பெனியே சொன்னது. காசு வாங்காமல் மாற்றித் தருவதாகவும் அறிவித்தது.

அதாவது, "வாய் வரைக்கும் அடிங்க" என்று சொல்கிறவர்களின் காருக்குத்தான் அபாயம் அதிகம்!

ஒரு பொறி போதும்

பெட்ரோல் கசிவை இங்கே பலர் தண்ணீர்க் கசிவு போல நினைக்கிறார்கள். "கொஞ்சம் வாடை வருது சார், ஓடுது இல்ல?" என்று சொல்லி விட்டுப் போகிறார்கள்.

பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பற்றிக் கொள்ளும் அளவுக்கு ஆவி விடுவது பெட்ரோல். அந்த ஆவி காற்றை விடக் கனமானது. மேலே போய்க் கலைந்து விடாது. தரையோடு தரையாகப் படர்ந்து, ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் மூலையில் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு கலந்தாலே போதும். சுவிட்ச் போடும்போது வரும் பொறி, பக்கத்தில் அணைக்காமல் போட்ட பீடி, பேட்டரி ஒயரில் வரும் தீப்பொறி... ஏதாவது ஒன்று வேலையை முடித்து விடும்.

திரும்ப அழைப்பது அவமானமா?

திரும்ப அழைத்தால் கம்பெனி பெயர் கெட்டுப் போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

2010ல் இதே மாருதி கம்பெனி பெட்ரோல் கசியும் அபாயம் என்று சுமார் ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களை அழைத்து, பம்ப்பின் கேஸ்கெட்டை மாற்றியது. கம்பெனி மூழ்கி விடவில்லை. அமெரிக்காவில் போர்டு கம்பெனியின் பின்டோ கார், பின்னால் இடித்தால் டேங்க் உடைந்து தீப்பிடிக்கிறது என்ற புகாரில் சிக்கியது. 1971 முதல் ஓடிய காரை 1978ல்தான் திரும்ப அழைத்தார்கள். அழைத்த வண்டிகள் 15 லட்சம். அதற்குள் பல உயிர்கள் போய் விட்டன. அந்தக் கம்பெனிக்குக் கெட்ட பெயர் வந்தது, அழைத்ததால் அல்ல, தாமதித்ததால்!

இந்த நியாயம் ஓசூர்த் தொழிலாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டி.வி.எஸ்., அசோக் லேலண்டு, ஏதர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று வண்டி செய்தே சோறு தின்னும் வட்டாரம் இது. 2024ல் டி.வி.எஸ். கம்பெனி, 2023 ஜூலை முதல் செப்டம்பர் வரை செய்த சுமார் 45,000 ஐ-கியூப் ஸ்கூட்டர்களை, 'பிரிட்ஜ் டியூப்' என்ற பாகத்தைச் சோதிக்க அழைத்தது. தப்பு நடந்தால் ஒப்புக் கொண்டு சரி செய்வதுதான் நல்ல தொழில்.

கடிதம் யார் வீட்டுக்கு?

கோளாறு இருக்கும் இடம் வேறு.

கம்பெனி யாருக்குக் கடிதம் போடுகிறது? தன் புத்தகத்தில் பெயர் இருப்பவருக்கு. அவர் யார்? முதன் முதலில் கார் வாங்கியவர். எல்லை வட்டாரத்தில் ஓடும் பழைய கார்களில் எத்தனையோ வண்டிகளுக்கு அவர் பெங்களூர்க்காரர்!

பெங்களூரில் ஒருவர் ஆறு வருஷம் ஓட்டி விட்டு புரோக்கரிடம் தள்ளுகிறார். புரோக்கரிடம் இருந்து ஓசூரில் ஒரு குமாஸ்தா வாங்குகிறார். அவர் இரண்டு வருஷம் வைத்திருந்து பர்கூர் கடைக்காரருக்கு விற்கிறார். 'கே.ஏ.' நம்பர் அப்படியே இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறியதோ இல்லையோ! கம்பெனிக் கடிதம் பெங்களூர் வீட்டுக் கதவில் போய் விழுகிறது. போன் பழைய சொந்தக்காரருக்குப் போகிறது. "அந்த வண்டியை வித்துட்டேன்" என்று அவர் வைத்து விடுகிறார். அதோடு கதை முடிந்தது.

பர்கூர் கடைக்காரருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: பெட்ரோல் வாடை. அவர் ரோட்டோர மெக்கானிக்கிடம் போகிறார். மெக்கானிக் எம்-சீல் அப்பி, கம்பி கட்டி அனுப்புகிறார். மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பெனியே இலவசமாக மாற்றித் தரும் பாகம் அது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

சட்டம் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது

2012 முதல் கார் கம்பெனிகள் தாங்களாக முன்வந்து திரும்ப அழைக்கும் முறை இருக்கிறது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, அழைக்காத கம்பெனிக்கு அரசே உத்தரவு போடலாம் என்று கொண்டு வந்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் விதி அமலுக்கு வந்தது. 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. வண்டிக்காரர்கள் 'வாகன்' இணையதளத்தில் புகார் செய்யலாம்.

ஆனால் அரசு உத்தரவு போடும் விதி ஏழு வயதுக்குள் இருக்கும் வண்டிக்குத்தான். எல்லையில் கை மாறும் கார்களில் ஏழைத் தாண்டியவை ஏராளம்.

இதற்கிடையே பெட்ரோலும் மாறி விட்டது. இப்போது பங்கில் கிடைப்பது நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்தது. பழைய சில வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025ல் கூறியது. பழைய கார் வைத்திருப்பவர்தான் அதிகம் உஷாராக இருக்க வேண்டும். அவருக்குத்தான் கடிதம் வருவதில்லை!

ஒரு கேள்வி போதும்

வெளி மாநில வண்டியைத் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வருபவர் ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும். அங்கே சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கிறார்கள். அந்த நம்பரை வைத்தே, "இந்த வண்டிக்குக் கம்பெனி அழைப்பு பாக்கி இருக்கிறதா?" என்று பார்த்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன? வருஷா வருஷம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்கலாம். "ஆபீசில் ஏற்கனவே வேலை அதிகம்" என்பார்கள். எரிந்த காருக்கு மகஜர் எழுதும் வேலையை விட இது சின்ன வேலைதான்.

பழைய கார் விற்கும் புரோக்கர்களும் இதைச் செய்ய வேண்டும். பெயிண்ட் பளபளப்பைக் காட்டுகிறவர்கள் இதையும் காட்டட்டும்.

வாங்குபவர் சும்மா இருக்கலாமா? ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரை அந்தக் கம்பெனியின் எந்த டீலரிடம் சொன்னாலும் பார்த்துச் சொல்வார்கள். ஆர்.சி.யை உடனே தன் பெயருக்கு மாற்றி, டீலரிடமும் விலாசம் கொடுத்து வைக்க வேண்டும். வாடை வந்தால் சாவியைப் போடக் கூடாது. ஷட்டரைத் திறந்து, தள்ளி வெளியே கொண்டு வர வேண்டும். பங்கில் குழாய் "டக்" என்றால் அதோடு நிறுத்த வேண்டும்.

2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, புகையில் ஒரு தந்தையும் அவருடைய மகளும் உயிரிழந்தார்கள். அடுத்த மாதம்தான் ஒகினவா கம்பெனி 3,215 ஸ்கூட்டர்களையும், ஓலா கம்பெனி 1,441 ஸ்கூட்டர்களையும் சோதிக்கத் திரும்ப அழைத்தன. பெட்ரோலோ பேட்டரியோ, பாடம் ஒன்றுதான். அழைப்பு சாவுக்கு முன்னால் வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது, வண்டியை ஓட்டுகிறவர் கைக்கு அது போய்ச் சேர வேண்டும்.

கார் எல்லை தாண்டி வருகிறது. கடிதமும் எல்லை தாண்டட்டும்!