ஒரு வேலைக்கு ஒரே இடம்



கைமுறுக்குக்குப் பேர்போன எங்கள் ஆட்டையாம்பட்டியில் ஒரு கடைக்கு என் பழைய மாணவன் பைத்தானில் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தான். போன மாதக் கடைசியில் கணக்கு இடித்தது. பல பில்களில் நம்பரே இல்லை.

பில்லைச் சேமிக்க மூன்று வழி வைத்திருந்தான்: மெனுவில் ‘சேமி’, மேலே ஒரு பட்டன், கீபோர்டில் கன்ட்ரோல் எஸ். மூன்றுக்கும் தனித்தனி கோடு. கடைக்காரர் பில் நம்பர் கேட்டதும் பட்டனில் மட்டும் சேர்த்தான். கடைப் பையனோ பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான்.

“காலேஜ்ல ஒவ்வொரு பட்டனுக்குள்ளயும்தான் சார் கோடு எழுதிக் காட்டுனாங்க” என்றான்.

இதற்குத் தீர்வு புதிதல்ல. 1998இல் டெல்பி 4இல் ‘ஆக்‌ஷன் லிஸ்ட்’ வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஜாவா 1.2இன் ஸ்விங்கிலும் ‘ஆக்‌ஷன்’ உண்டு. இவன் பயன்படுத்திய க்யூடியில் அதன் பெயர் ‘க்யூஆக்‌ஷன்’. ‘சேமி’ என்ற பெயர், படம், குறுக்குவிசை, செய்யவேண்டிய வேலை எல்லாம் அந்த ஒரே பொருளில் இருக்கும். அதையே மெனுவிலும் டூல்பாரிலும் சேர்த்தால் போதும். பில் காலியாக இருக்கும்போது அதை ஒருமுறை முடக்கினால் மூன்று வழியும் அடைபடும். பெயரைத் தமிழில் மாற்றுவதும் ஒரே இடத்தில்தான்.

ஆசிரியர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பிள்ளையின் பிறந்த தேதிக்குச் சேர்க்கைப் பதிவேடுதான் மூலம். டி.சி.யில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று என்று ஆளாளுக்கு எழுதினால் அந்தப் பிள்ளை எத்தனை ஆபீஸ் அலைய வேண்டும்?

“சின்னப் புரோகிராமுக்கு எதுக்கு சார் இவ்வளவு?” என்றும் கேட்டான். தம்பி, சின்னக் கடைக்குத்தான் ஒரு மாதக் கணக்கு போனால் தாங்காது.

கல்லூரி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. செய்முறைத் தேர்வில் புரோகிராம் ஓடினாலே முழு மார்க் போடாதீர்கள். “சேமிப்பதில் ஒரு மாற்றம் செய்” என்று சொல்லுங்கள். எத்தனை இடத்தில் கை வைக்கிறான் என்று எண்ணுங்கள். ஒரே இடம் என்றால் முழு மார்க் கொடுங்கள்.

என் மாணவன் இரண்டு நாள் உட்கார்ந்து திருத்திவிட்டான். கடைக்காரர் இன்னும் பழைய பில்களைக் கையால் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.