ஹெரால்டு வந்த வேளை



போன தடவை மழைக்காலத்தில் பருப்பில் வண்டு வராமல் காப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். இந்த முறை சமையலறையை விட்டு வாசல் கொட்டகைக்குப் போகலாம். அங்கே ஒரு கிழட்டுக் கார் நிற்கிறது. "காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒரு பழைய பொருளை வாங்கி வந்து, அது வீட்டுக் காசையும் நம் தூக்கத்தையும் சேர்த்துச் சாப்பிட்ட அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். அது காராக இருக்கலாம், கிரைண்டராக இருக்கலாம், பழைய வீடாகவே இருக்கலாம்.

எங்கள் ஊர் பூவம். வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தரங்கம்பாடிச் சாலை, தெற்கே கோட்டுச்சேரி, காரைக்கால். கடற்காற்றும் வயற்காற்றும் சேர்ந்தடிக்கும் இடம். 2024 ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இவர் வெளிர் நீலத்தில் ஒரு இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆடியில யாராச்சும் வண்டி வாங்குவாங்களாடா?"

"ஆடியிலதாம்மா விலை குறைச்சலா கிடைக்கும்!"

விலை ஒரு லட்சத்து அறுபதாயிரம். அது எந்தப் பணம் தெரியுமா? ஓட்டுக் கூரையைப் பிரித்து மேய்வதற்காக நாங்கள் எடுத்த இரண்டு லட்சம் ரூபாய்ச் சீட்டுப் பணம்! எனக்கு வந்த கோபத்தில் ஆரத்திகூட எடுக்கவில்லை.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். காரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவர் ஆசையின் காரணம் உங்களுக்குப் புரியாது. இங்கிலாந்தில் 1959-ல் 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' என்று வந்த வண்டி இது. வடிவம் போட்டவர் மிக்கெலோத்தி என்ற இத்தாலியர். 1961 முதல் நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் 'ஸ்டாண்டர்டு' கம்பெனியார் இதைச் செய்தார்கள். அந்தக் காலத்தில் கல்கத்தாப் பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஹெரால்டு என்று மூன்றே மூன்றுதான். இதே ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் 1962-ல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். சோழவரம் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. "இது ஸ்போர்ட்ஸ் காருக்கு அக்கா முறை" என்பார் இவர். அக்காவுக்கு வயசு அறுபதை நெருங்கிவிட்டது என்பதைத்தான் சொல்ல மறந்தார்!

முதல் வாரம் ஒரே கொண்டாட்டம். பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முதலை வாய் மாதிரி திறக்கும். தெருப்பிள்ளைகள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். குறுகலான சந்தில்கூட ஒரே வளைப்பில் திரும்பும். இவர் பம்பருக்குப் பளபளவென்று முலாம் போட்டு வந்தார். சீட்டுக்குப் புது உறை தைத்தார்.

இரண்டாம் வாரம் ஒரு விடியற்காலையில் பால் காய்ச்சப் போனவள் அடுப்பங்கரை வாசலிலேயே நின்றுவிட்டேன். பெட்ரோல் வாடை. கொட்டகைக்கும் அடுப்பங்கரைக்கும் இடையில் ஒரே சுவர், அதில் ஒரு ஜன்னல். கேஸ் சிலிண்டர் கசிந்தால் வாயு கனமானது, தரையோடு தங்கும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களே, பெட்ரோல் ஆவியும் அப்படித்தான். நான் ஸ்விட்சைத் தொடவில்லை, தீக்குச்சி உரசவில்லை. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு இவரை எழுப்பினேன். பெட்ரோல் ரப்பர் குழாய் நொந்துபோய்ச் சொட்டிக்கொண்டிருந்தது.

மயிலாடுதுறையில் பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். அவர்தான் விளக்கினார். "தங்கச்சி, இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க. அந்தக் காலத்து ரப்பர் அதுக்குத் தாங்காது. குழாய், வாஷர் எல்லாத்தையும் புது ரகமா மாத்திரணும்." அவர் சொன்னது சரிதான். 2025-ல் நாடு முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் டாங்கியில் துரு பிடிக்கும். அன்றே குழாய்களை மாற்றினோம், 1,200 ரூபாய். வண்டியைக் கொட்டகையின் மறுகோடிக்குத் தள்ளி நிறுத்தச் சொன்னேன்.

பிறகு டைனமோ, ரேடியேட்டர், கிளட்ச் என்று வாரம் ஒன்று. ஒவ்வொரு முறையும் "இது கடைசிச் செலவு" என்பார். எனக்குள் சந்தேகம் கறையான் மாதிரி ஏறியது. ஏமாந்துவிட்டோமோ? இன்றே விற்றால் பாதி விலையாவது வருமா? வாய் திறந்து கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் நெஞ்சுக்குள் பாரம்.

ஐப்பசியில்தான் அது நடந்தது. கோட்டுச்சேரியிலிருந்து திரும்பி வருகிறோம். பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும். சாலையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. இவர் பிரேக்கை மிதித்தார். பெடல் அப்படியே தரை வரைக்கும் போய்விட்டது. வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வயல் வரப்போரமாக ஏற்றி நிறுத்தினார். ஆட்டுக்கும் ஒன்றுமில்லை, எங்களுக்கும் ஒன்றுமில்லை. இவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். என் பெண் மட்டும், "அப்பா, இன்னொரு தடவை!" என்று கை தட்டினாள்.

நான் அழவில்லை, திட்டவும் இல்லை. "பிரேக் சரியாகிற வரைக்கும் என் பிள்ளைங்க இதுல ஏறாது" என்று மட்டும் சொன்னேன். மீதி தூரம் நானும் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்தோம்.

அன்று இரவு நல்ல மழை. கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகியது. பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தேன். இவர் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினார். "என்னங்க, அந்தத் தார்ப்பாய் காருக்கா, கூரைக்கா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். அவர் அப்பா காரைக்காலில் ஒரு டாக்டருக்கு டிரைவராக இருந்தவர். டாக்டர் வீட்டில் ஹெரால்டு. அப்பா கழுவித் துடைத்த வண்டியில் இவர் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லையாம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

மனசு இளகியது. ஆனால், சகோதரிகளே, மனசு இளகினால் கூரை ஒழுகுவது நிற்காது, பிரேக்கும் பிடிக்காது. பால் கணக்கு நோட்டை எடுத்தேன். இருக்கிற பில்களையெல்லாம் கொண்டு வரச் சொன்னேன். மூன்று பத்தி போட்டேன்: உயிர், ஓட்டம், ஒப்பனை. பிரேக், பெட்ரோல் கசிவு, ஸ்டியரிங், டயர், விளக்கு எல்லாம் உயிர். வண்டி நகர்வதற்கு வேண்டிய கிளட்சும் டைனமோவும் ஓட்டம். முலாமும் உறையும் ஒப்பனை.

கூட்டிப் பார்த்தோம். மூன்று மாதத்தில் 21,500 ரூபாய். ஓட்டத்துக்கு 12,300. ஒப்பனைக்கு 8,000. உயிருக்கு? வெறும் 1,200! இரண்டு பேரும் பேசவில்லை. நம் குடும்பங்களிலும் பல சமயம் இப்படித்தானே செய்கிறோம்? திரைச்சீலை மாற்றுகிறோம், நொந்துபோன கேஸ் குழாயை மாற்ற நாள் பார்க்கிறோம்.

அன்று மூன்று தீர்மானம் செய்தோம். உயிர்ப் பத்தி முடியாமல் ஒப்பனைப் பத்தியில் ஒரு ரூபாய்கூட எழுதக் கூடாது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு, அதற்கு மேல் போனால் வண்டி அடுத்த மாதம் வரை நிற்கும். ஒரு வருஷம் கழித்து, வைப்பதா விற்பதா என்று நோட்டைப் பார்த்து முடிவு செய்வது. அதுவரை அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. இந்த மூன்றாவது தீர்மானத்தால்தான் எனக்குத் தூக்கம் வந்தது. சந்தேகம் தினமும் பேசப் பேச வளரும், அதற்கு ஒரு தேதி குறித்துவிட்டால் சும்மா இருக்கும்.

கையில் மீதி 18,500. அதில் 11,000 பிரேக்குக்கு. பாய் பிரித்துக் காட்டினார். அந்தக் காலத்து வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியில்தான் போகிறது. எங்கே ஒரு வாஷர் கிழிந்தாலும் நான்கும் போச்சு! பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மீதி 7,500-ல் உடைந்த ஓடுகளை மாற்றினோம். அடுத்த சீட்டில் 2025 சித்திரையில் கூரை முழுவதையும் பிரித்து மேய்ந்தோம். அதுவரை வண்டி நாலு கட்டை மேல்தான் நின்றது.

நின்றதும் நல்லதாயிற்று. முன் சக்கரத்தைத் தாங்கும் வெண்கல மூட்டு ஒன்று இந்த வண்டியில் உண்டு, 'ட்ரனியன்' என்பார்கள். அதற்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில் விட வேண்டும். யாரோ வருஷக்கணக்கில் கிரீஸையே அடைத்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து இரும்புத் தண்டின் மரை அரித்துப்போயிருந்தது. அது முறிந்தால் திருப்பத்தில் சக்கரம் மடங்கிவிடும்! சென்னை புதுப்பேட்டையில் தேடி, கிடைக்காமல், ஸ்பிட்ஃபயருக்கென்று இங்கிலாந்தில் இன்றும் செய்கிற சாமானை வரவழைத்தோம். அக்காவுக்குத் தங்கையின் சட்டை பொருந்தியது.

2025 ஆடியில் நோட்டைப் பார்த்தோம். விற்கவில்லை. செய்தது சரிதானா? எனக்கு இன்றும் முழு நிச்சயமில்லை. ஆனால் பயமில்லை. இவர் இப்போது ஞாயிறு காலையில் தரங்கம்பாடி வரை 40-க்கு மேல் போகாமல் ஓட்டுகிறார். பின் சக்கர அமைப்பு பழைய மாதிரி, வளைவில் வேகமாக ஒடித்தால் சக்கரம் உள்ளே மடங்கி வண்டி கவிழப் பார்க்கும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அக்கா என்றாலும் அக்காதானே, நிதானம் வேண்டும். மாமியார் ஒரு முறை முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது முந்தானையால் கதவுப் பிடியைத் துடைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் பழைய கார் வருகிற சகோதரிகளுக்கு என் நோட்டிலிருந்து சில குறிப்புகள்:

• பணம் கொடுக்குமுன் வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். பெயிண்ட் மறைக்கும், சேஸிஸ் மறைக்காது. கடலோர ஊர்க்காரர்கள் மாதம் ஒரு முறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி உலரவிடுங்கள்.

• ஆர்.சி. புத்தகம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2021 விதிப்படி 50 வயது கடந்ததை 'வின்டேஜ்' என்று பதியலாம், ஆனால் அதை அன்றாடம் ஓட்ட முடியாது.

• மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பிள்ளைகளுக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

• சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். வெந்நீர் பட்டுவிட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மை, பற்பசை கூடாது.

• பழைய வண்டிகளில் சீட் பெல்ட் இருக்காது. சேஸிஸோடு உறுதியாகப் பிடிக்கும்படி பெல்ட் போட்ட பிறகுதான் எங்கள் பிள்ளைகள் ஏறினார்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பே அல்ல, திடீர்ப் பிரேக்கில் எந்தத் தாயின் கையும் தாங்காது.

• காரோ, கிரைண்டரோ, முதலில் உயிர், பிறகு ஓட்டம், கடைசியில்தான் ஒப்பனை.

அடுத்த இதழில் பனிக்காலச் சளிக்குக் கைவைத்தியம் எதுவரை, டாக்டர் எப்போது என்று பார்ப்போம். வரட்டுமா?