ஓடுவதற்கு ஒரு கரை வேண்டும்!



நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஓடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. போலீஸ் வேலைக்காக ஓடுகிறார்கள். பட்டாளத்துக்காக ஓடுகிறார்கள். சர்க்கரை வியாதிக்குப் பயந்து ஓடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் எங்கே ஓடுகிறார்கள்? குமுளி ரோட்டில்! விடியற்காலை இருட்டில், லாரிகளுக்கும், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பறக்கும் ஜீப்புகளுக்கும் நடுவில்! கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சபரிமலை வண்டிகள் ராத்திரி பகலாக வரிசை கட்டி நிற்கும்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் காவலர் தேர்வுக்கு ஆறு மாதம் பயிற்சி எடுத்தார். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு வேன் உரசிவிட்டுப் போய்விட்டது. முழங்கால் போச்சு, அந்த வருஷமும் போச்சு. ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு 400 மீட்டருக்கும் 1 நிமிடம் 52 வினாடிதான். இதற்கு வேண்டிய தெம்பு நம் பையன்களிடம் இருக்கிறது. ஓடுவதற்கு இடம்தான் இல்லை என்கிறார்கள்.

இடம் இல்லையா? கண் முன்னால் இருக்கிறதே!

முல்லைப் பெரியாறு நமக்குக் கொடுத்தது தண்ணீரை மட்டும் அல்ல. பென்னிகுயிக் தலைமையில் 1895-இல் அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே போன தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. அந்தத் தண்ணீரால் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. அந்த வயல்களுக்கெல்லாம் வாய்க்கால் உண்டு. வாய்க்கால் இருந்தால் கரையும் உண்டு. கரை இருந்தால் ஓடுபாதையும் உண்டு!

சிவில் படிக்கிறவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். வாய்க்காலை மேடு பள்ளத்தில் ஏற்றி இறக்கி வெட்ட முடியாது. நிலத்தின் சம உயரத்தை ஒட்டி, தண்ணீர் தானாக ஓடும் அளவுக்கு லேசான சரிவு கொடுத்துத்தான் வெட்டுவார்கள். ஆகவே அதன் கரையும் கிட்டத்தட்ட சமதளம். மண் பாதை வேறு. தார் ரோடு போல முழங்காலைப் பதம் பார்க்காது. காசு போட்டு மைதானம் கட்டினாலும் இப்படி ஒரு தரை கிடைக்குமா?

அழகைப் பற்றிச் சொல்லவா? லோயர் கேம்ப்பில் 2013-இல் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபத்தில் தொடங்கிக் கூடலூர் பக்கம் ஓடிப் பாருங்கள். மலையிலிருந்து மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும். உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் போனால் இரண்டு பக்கமும் நெல்லும் தென்னையும்தான். மார்க்கையன்கோட்டை வழியாகக் குச்சனூர் போகிற பாதையில், நாற்று நட்ட மாதத்தில், வயல் தண்ணீரில் மலையே தலைகீழாகத் தெரியும். வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயில் பக்கத்து ஆற்றங்கரையில் ஓட்டத்தை முடித்து, முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏறலாம். கிழக்கே மேகமலைக்குப் பின்னாலிருந்து சூரியன் தலை காட்டுவதற்குள் ஒரு ஓட்டம் முடிந்துவிடும்.

ஆடி மாதம் காற்று ஆளைத் தள்ளும். அப்போது போகும்போது எதிர்காற்றில் போங்கள். திரும்பும்போது காற்றே வீட்டில் கொண்டுவந்து விடும்!

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு புகழ நான் தயாராக இல்லை. கரைகளின் இன்றைய நிலை என்ன? பல இடங்களில் முள்ளும் புதரும் மண்டிக் கிடக்கின்றன. ஊர் ஓரங்களில் குப்பை. எல்லாவற்றையும் விடக் கொடுமை, உடைந்த பாட்டில்கள். ராத்திரி குடித்துவிட்டுக் கரையில் அடித்து உடைக்கிறார்கள். காலையில் வெறுங்காலோடு ஓடும் ஏழை வீட்டுப் பையனின் பாதத்தில்தான் அது ஏறுகிறது. வயலில் இறங்கும் கூலிப் பெண்ணின் காலிலும் ஏறுகிறது.

இதில் பெண்களாகிய எங்கள் கதை தனி. காவலர் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம், 2 நிமிடம் 30 வினாடி. எங்கே பழகுவது? ரோட்டில் ஓடினால் டீக்கடை பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. கரையில் ஓடலாம் என்றால் குடிகாரர்களுக்குப் பயம். "வயல்ல நாலு நாள் களை எடு, தன்னால உடம்பு தேறும். ஓட்டம் எதுக்குடி?" என்கிறார் என் அம்மா. அம்மாவின் உழைப்புக்கு முன்னால் என் ஓட்டம் தூசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களை எடுத்த கணக்கைக் காட்டினால் காக்கிச் சட்டை கொடுப்பார்களா அம்மா? அங்கே கடிகாரத்தை அல்லவா பார்க்கிறார்கள்!

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று போதுமா? கூடலூர்ப் பிள்ளை அதிகாலையில் எந்த பஸ் பிடித்து அங்கே போவாள்? ஊருக்கு ஊர் இரண்டு கிலோமீட்டர் கரை சுத்தமாக இருந்தால் போதும். கல் பதிக்க வேண்டாம், கலர் விளக்கு வேண்டாம். மண் மண்ணாகவே இருக்கட்டும். முள்ளை வெட்டி, பாட்டிலை அள்ளி, குடிப்பவர்களை விரட்டினால் அதுவே பெரிய புண்ணியம்.

நம் பங்கு என்ன? மனு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவதா? நாம் டிப்ளமோ படிப்பது எதற்கு? சிவில் மாணவர்கள் சர்வே பிராக்டிகலில் கற்றதை வைத்துக் கரையை அளந்து, 400, 1500, 1600 மீட்டருக்குக் குறி போடலாம். மெக்கானிக்கல் நண்பர்கள் ஒர்க்‌ஷாப்பில் மீந்த இரும்பில் அடையாளக் கம்பம் செய்யலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளைக் கரை சுத்தம் செய்ய ஒதுக்கலாம். நீர்வளத்துறையிடமும் ஊராட்சியிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்போம். மாணவர் பேரவை இதை இந்த ஆண்டே தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்பது என் கோரிக்கை.

ஓடுகிறவர்களுக்கும் ஒழுக்கம் வேண்டும். வரப்பில் ஓடாதீர்கள், அது விவசாயியின் வயிறு. திராட்சைப் பந்தலில் கை வைக்காதீர்கள். மாட்டு வண்டி வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். இறங்கிக் குளிக்கலாமா என்று வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும் நாளில் ஆழம் பார்க்காதீர்கள். லோயர் கேம்ப், சுருளி போன்ற காட்டை ஒட்டிய இடங்களில் நன்றாக விடியாமல் போகவே கூடாது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே வந்ததை மறந்துவிட முடியுமா? தனியாகப் போகாமல் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். முக்கியமாக, தோழிகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்துப் பெண்கள் தினமும் ஓடும் கரையில் பாட்டிலோடு உட்கார எவனுக்கும் துணிச்சல் வராது.

நூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் கரை நம் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்து சோறு போட்டது. இனி நம் பிள்ளைகளுக்கு வேலையும் வாங்கித் தரட்டும். ஜூன் மாதம் தண்ணீர் திறப்பதற்குள் முள்ளை வெட்டிவிடுவோம். அரிவாள் என் வீட்டில் இருக்கிறது. கைகள்தான் வேண்டும். வருவீர்களா?