பழைய பிக்கப் வண்டிக்கு எந்த எஞ்சின் போடலாம்?

ஒட்டன்சத்திரம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடையது 2012-ல் வாங்கிய டீசல் பிக்கப். தன் காட்டுத் தக்காளி, கத்திரி, முருங்கையோடு பக்கத்துத் தோட்டக்காரர்களின் காய்களையும் ஏற்றி, வாரம் மூன்று நடை மார்க்கெட்டுக்குப் போய் வருகிறார். ஒரு வருடமாக வண்டி நீலப் புகை விடுகிறது. மூன்று மாதமாக ஹீட் மீட்டர் முள் ஏறியே நிற்கிறது. வழியில் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார். போன மாதம் லோடோடு ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் போடலாம் என்கிறார் மெக்கானிக். இருக்கிற எஞ்சினையே சரிசெய்யலாம் என்கிறார் லேத் பட்டறைக்காரர். வண்டியை எடைக்குப் போடலாம் என்கிறார் மகன். எதைச் செய்தாலும் வீட்டம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் செய்ய வேண்டும். எது சரி?

முதலில், எஞ்சின் ஏன் போனது?

இதைக் கேட்காமல் எந்த எஞ்சினை வாங்கினாலும் நகை திரும்பாது. இந்த வண்டியின் கதையிலேயே பதில் இருக்கிறது. முள் ஏறியது மூன்று மாதம் முன்பு. எஞ்சின் நின்றது போன மாதம். சூடு தணியாததுதான் நோய், இறுகியது அதன் முடிவு. அடைத்த ரேடியேட்டரையும் தேய்ந்த வாட்டர் பம்ப்பையும் அப்படியே வைத்துவிட்டுப் புது எஞ்சினை மாட்டினால், அதுவும் இதே வழியில்தான் போகும்.

சொட்டுநீர்க் குழாயில் உப்பு படிந்து அடைப்பதை விவசாயிகள் அறிவார்கள். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் அதேதான் நடக்கும். எனவே ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட், ஹோஸ் குழாய் எல்லாவற்றையும் முதலில் சோதிக்க வேண்டும். இனி கூலன்ட் மட்டுமே ஊற்ற வேண்டும்.

புகை சொல்லும் சேதி

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர், நாசில், பம்ப்பைப் பார்த்தாலே பல வண்டிகளில் தீர்ந்துவிடும். வெள்ளைப் புகையோடு தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகப்பட வேண்டும். ஆயில், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள்.

எஞ்சின் ஓடும் நிலையில் உள்ளவர்கள், பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சோதனை செய்து எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சிறு கோளாறுக்காக முழு எஞ்சினையும் இறக்கிச் செலவு செய்தவர்கள் உண்டு.

வண்டி எஞ்சினுக்குத் தகுதியானதா?

அடுத்து, வண்டியின் உடம்பைப் பார்க்க வேண்டும். சேஸில் துரு, பட்டை மாட்டும் இடத்தில் விரிசல், கேபின் தரையில் ஓட்டை, கியர் பாக்ஸ், கிரௌன் சத்தம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். 8 வருடம் கடந்த சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். சேஸ் உளுத்த வண்டிக்கு எஞ்சின் போடுவது, பட்ட மரத்துக்கு உரம் வைப்பது போல. அப்படியிருந்தால் மகன் சொல்வதே சரி.

மூன்று வழிகள்

முதல் வழி, இருக்கும் எஞ்சினையே முழுதாகச் செய்வது. லேத்தில் போர் அளவும் கிராங்க் அளவும் எடுத்து, லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்ற வேண்டும். சூடேறி நின்ற எஞ்சின் என்பதால் ஹெட் வளைந்திருக்கிறதா, பிளாக்கில் விரிசல் உண்டா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பிளாக் அதேதான் என்பதால் எஞ்சின் எண் மாறாது, ஆர்.சி. புத்தகத்தில் வேலையில்லை. இது பெரிய சௌகரியம்.

இரண்டாவது, அதே மாடலின் பழைய எஞ்சின். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அதன் உள் நிலை யாருக்கும் தெரியாது. ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது. ஆயிலை வடித்தால் இரும்புத் துகள் மின்னக் கூடாது. எஞ்சின் எண் ராவிய அடையாளம் இருந்தால் தொடவே கூடாது. திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் காவல் நிலையம் போக வேண்டியது வாங்கியவர்தான். எந்த வண்டியில் இருந்தது என்பதற்கான ஆர்.சி. நகலும் பில்லும் வேண்டும். மாட்டும் முன்பே ஆயில் சீல், வாட்டர் பம்ப், கிளட்ச் தட்டு, எஞ்சின் மவுன்டிங் மாற்றிவிட்டால், மறுபடி இறக்கும் கூலி மிச்சம்.

மூன்றாவது, வேறு மாடல் எஞ்சின். இது வேண்டாம். பி.எஸ்.4 விதி நாடு முழுவதும் 2017 ஏப்ரலிலும், பி.எஸ்.6 2020 ஏப்ரலிலும் வந்தன. பிந்தைய எஞ்சின்களுக்குக் கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார், வயரிங் எல்லாம் வேறு. கியர் பாக்ஸும் பொருந்தாமல் போகலாம். எஃப்.சி.யிலும் சிக்கல் வரும்.

காகிதத்தை மறக்கக் கூடாது

எஞ்சின் எண் மாறினால், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி பெற வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால், விபத்து நாளில் எண் பொருந்தவில்லை என்று இழப்பீடு சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.

நடைக் கணக்கு

செலவு 90,000 ரூபாய், எஞ்சின் 3 வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 2,500 ரூபாய். மாதம் 12 நடை என்றால் நடைக்குச் சுமார் 210 ரூபாய். இதோடு அடகு வட்டி, டீசல், டயர், எஃப்.சி., இன்சூரன்ஸ் செலவைக் கூட்ட வேண்டும். அந்தத் தொகை வாடகை வண்டிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக இருந்தால்தான் செலவு செய்யலாம். வருடத்தில் மூன்று மாதம் மட்டும் லோடு உள்ளவருக்கு வாடகை வண்டியே மேல்.

வாசகருக்குப் பதில்

சேஸ் நன்றாக இருந்து, நடைக் கணக்கும் ஒத்துவந்தால், எஞ்சினைப் பிரித்து லேத்தில் அளவு எடுக்கச் சொல்லலாம். பிளாக்கும் கிராங்க்கும் தேறினால் உள்ள எஞ்சினையே முழுதாகச் செய்வதுதான் நல்லது. தேறாவிட்டால் மட்டும், காகிதம் உள்ள அதே மாடல் எஞ்சின். மொத்த மதிப்பீட்டையும் உத்தரவாதத்தையும் எழுத்தில் வாங்கிய பிறகே நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரித்துப் பார்க்க ஆகும் கூலி சிறிது. பார்க்காமல் எடுக்கும் முடிவின் விலை பெரிது.

வேலை முடிந்ததும் முதல் 1,000 கி.மீ. வரை பாதி லோடு போதும். வேகமாக முறுக்கக் கூடாது. அதன்பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றுவதையும் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முள் ஏறினால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு நாள் காய் மார்க்கெட்டுக்குப் போகாவிட்டால் அந்த நாள் வரும்படிதான் போகும். எஞ்சின் இறுகினால் ஒரு போகத்தின் வரும்படியே போய்விடும்.